வந்த பிறகு என்ன நடக்கிறது

“பயம் இருக்கணும்மா. பயமில்லாத நாய் கூப்பிட்டா வராது” என்று அந்தப் பெரியவர் சொன்னபோது நான் தலையாட்டி வைத்தேன். எதிர்த்துச் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. மைதானத்தின் மறுகோடியில் எதையோ மோந்துகொண்டிருந்த தன் நாயைப் பார்த்து அவர் ஒரே ஒரு அதட்டல் போட்டார், அது வந்துவிட்டது. தடுப்பூசிகள் முடிந்து அப்போதுதான் வெளியே வர ஆரம்பித்திருந்த எங்கள் நாய்க்குட்டி மிளகு, நீளக் கயிற்றின் நுனியில் உட்கார்ந்து ஒரு காய்ந்த இலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடக் கூப்பிட அவளுக்கு அந்த இலைதான் பெரிதாக இருந்தது.

ஆனால் அந்த நாய் வந்த விதம் மனதை விட்டுப் போகவில்லை. ஓடி வரவில்லை அது. காதுகள் பின்னால் ஒட்டியிருக்க, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, நேராக வராமல் ஒரு வளைவு போட்டு வந்தது. கடைசி சில எட்டுகளை எண்ணி எண்ணி வைத்தது. வந்து நின்றதும் உதட்டை நக்கிக்கொண்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த ஜாடைகள் தெரியும். ஆனாலும் வந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. உறுத்தலே அங்கேதான். மிரட்டி வரவழைப்பது வேலைக்கு ஆகாது என்று படித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். கண்ணெதிரே ஆகிறதே, அதற்கு என்ன சொல்வது?

போர்ச்சுகலில் நடந்து 2020-இல் வெளிவந்த ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது. பயிற்சிப் பள்ளிகளுக்குப் போய்வந்த 92 வீட்டு நாய்களை எடுத்துக்கொண்டார்கள். சில பள்ளிகள் தீனி கொடுத்தும் விளையாட்டுக் காட்டியும் சொல்லித்தருபவை. சில, அதட்டியும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தும் சொல்லித்தருபவை. அதட்டல் மிகுந்த இடத்து நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. அப்புறம் ஒரு கிண்ணச் சோதனை. கிண்ணம் ஒரு பக்கம் இருந்தால் தீனி உண்டு, மறுபக்கம் இருந்தால் காலி என்று பழக்கிவிட்டு, ஒருநாள் அதை நடுவில் வைத்தார்கள். அதட்டிப் பழக்கிய நாய்கள் அந்த நடுக்கிண்ணத்தை நோக்கி மற்றவற்றைவிட மெதுவாகப் போயின. இருக்காது என்றே எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடுகின்றன போலும். படிக்கும்போது மனது கனத்தது உண்மை. ஆனால் இதுவும் பெரியவருக்குப் பதில் ஆகாது. நாய் வருத்தப்படுகிறதா என்பது ஒரு கேள்வி. கூப்பிட்டால் வருகிறதா என்பது வேறு கேள்வி. அவர் இரண்டாவதைப் பற்றித்தான் பேசினார்.

பின்னால் வரும் வயது

எட்டு வாரக் குட்டிக்கு வரச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நாம் பெருமைப்படுவதில் பாதி ஏமாற்று. அந்த வயதில் அது எப்படியும் நம் காலைத் தொடர்ந்துதான் வரும். சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு, குளியலறைக்குப் போனால் அதன் கதவு வரைக்கும். குட்டிகள் மற்ற உயிர்களோடு ஒட்டிக்கொள்ளப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். மனிதரைக் கவனிப்பதும் கூடவே பிறக்கிறது. 2021-இல் வந்த ஓர் ஆய்வில் எட்டு வாரமே ஆன 375 குட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டும் தீனியை ஒளித்துவிட்டு ஆள் விரலால் காட்டினால், தற்செயலாக அமையக்கூடியதைவிட அதிக முறை குட்டிகள் சரியான இடத்துக்கே போயின. பழக்கவே தேவைப்படவில்லை.

ஆக, முதல் மாதத்தில் குட்டி வருவது நம் சாமர்த்தியத்தால் அல்ல. இயற்கை கொடுத்த முன்பணம் அது. நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். உலகம் பெரிதாகும், மூக்கு விழித்துக்கொள்ளும், நம் கால்கள் அலுத்துப்போகும். அதற்குள் கூப்பிடும் சத்தத்துக்கு ஒரு மதிப்பை ஏற்றி வைத்துவிட வேண்டும்.

ஏற்றுவது கடினமே இல்லை. வீட்டுக்குள், கூடத்தில், வேறு சத்தமில்லாத நேரத்தில், குட்டி நம்மைப் பார்க்கும்போது குனியாமல் குந்தி உட்கார வேண்டும். நின்றபடி மேலே கவிழ்ந்தால் சில குட்டிகள் அப்படியே பின்வாங்கும். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, பெயரையும் “வா”வையும் ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். வந்ததும் நகத்தளவு கோழித்துண்டு. வராவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது. எழுந்து, முதுகைக் காட்டி, நாலடி எதிர்த்திசையில் ஓடினால் போதும், துரத்திக்கொண்டு வந்துவிடும். நாம் அதைத் துரத்தினால் கதை தலைகீழ். அதைவிட உயர்ந்த விளையாட்டு குட்டிக்கு வேறெதுவும் கிடையாது. அதுவும் வாயில் செருப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளியே எப்போது கூட்டிப்போகலாம் என்று எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் ஒரு வரி. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளாவது ஆகியிருந்தால் ஏழெட்டு வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்புகளில் சேர்க்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-இலேயே சொல்லிவிட்டது. ஊர் நாயெல்லாம் வந்து போகும் மண்ணில் இறக்கிவிடுவது வேறு சங்கதி. குட்டிகளின் உயிரையே குடிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். மிளகு முதலில் உலகத்தைப் பார்த்ததெல்லாம் என் தோளில் இருந்தபடிதான்.

“விட்டுடவா, அத்தை?”

மைதானத்தில் மிளகுவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கூப்பிட்டால் வருவாள். வாலை ஆட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சந்தோஷமாகத்தான் வருவாள். கை எட்டும் எட்டாததுமான தூரத்துக்கு வந்ததும் நின்றுவிடுவாள். முன்னங்கால் இரண்டையும் தரையில் அகட்டி ஊன்றி, பின்புறத்தை உயர்த்தி, என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் வலது கையைப் பார்ப்பாள். கை அசைந்தால் ஒரு துள்ளு, அரை வட்டம், மறுபடி அதே தூரம். அளவுகோல் வைத்து அளந்தாலும் இப்படித் துல்லியமாக நிற்க முடியாது. நாய் வைத்திருப்பவர்கள் பாதிப்பேர் இந்த அரை வட்டத்தைப் பார்த்திருப்பார்கள். பிடிவாதம் என்பார்கள், திமிர் என்பார்கள். “பார்த்தியாம்மா, விளையாட்டுக் காட்டுது உனக்கு” என்று பெரியவரும் சொல்லியிருந்தார்.

விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். பத்து வயது. நாய்ப் பயிற்சி பற்றி அவளுக்கு எந்தக் கொள்கையும் கிடையாது, அதுதான் வசதியாகப் போயிற்று. மைதானத்தின் ஓரத்தில் மிளகு ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்துத் தோண்டிக்கொண்டிருந்தாள். நீளக் கயிறு மண்ணில் இழுபட்டுக் கிடந்தது. பெண் குந்தி உட்கார்ந்து கூப்பிட்டாள். மிளகு வந்தாள், வழக்கமான இடத்தில் நின்றாள். அவள் கையை நீட்டவில்லை. தன் இரண்டு செருப்புகளுக்கும் நடுவே ஒரு துண்டை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகு கழுத்தை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. ஓரடி முன்னால் வைத்தாள். தின்னும்போது பெண் மெல்லக் கழுத்துப்பட்டையில் விரலை நுழைத்தாள். மிளகுவின் உடம்பு அப்படியே இறுகியது. தோளில் மயிர் லேசாகச் சிலிர்த்ததைக்கூட நான் பார்த்தேன். இன்னொரு துண்டு வாய்க்கு வந்தது. “விட்டுடவா, அத்தை? பாவம், தோண்டிட்டிருந்தா” என்றாள். விடு என்றேன். விரலை எடுத்துவிட்டு, “போ!” என்று பள்ளத்தைக் காட்டினாள்.

மிளகு போகவில்லை. நின்று அவள் முகத்தையே பார்த்தாள். கையை அல்ல, முகத்தை. நம்ப முடியாத ஒன்று நடந்துவிட்ட பாவனை. அப்புறம் திரும்பி ஒரே பாய்ச்சலில் பள்ளத்துக்கு ஓடினாள். மண் பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டபோது அரை வட்டம் கிடையாது, அளவுகோல் கிடையாது, நேராக வந்து பெண்ணின் மடியில் மோதி அவளை மல்லாக்கத் தள்ளினாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. நாய் கூப்பிடுவதைக் கற்றுக்கொள்வதில்லை. கூப்பிட்டுப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. மைதானத்தில் ஒரு நாயை ஆட்கள் எப்போது கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்குப் போக. இன்னொரு நாயிடமிருந்து விலக்க. வாயில் கிடைத்ததைப் பிடுங்க. சத்தம் எழும்போதெல்லாம் ஏதோ ஒரு சந்தோஷம் முடிவுக்கு வருகிறது. கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் கணக்கு நேராகாது. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு மைதானம் என்றால் எந்த நாய் சம்மதிக்கும்?

டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். அதிகம் விரும்பிச் செய்யும் செயலைக் கொண்டு, அவ்வளவாக விரும்பாத செயலை வளர்த்துவிடலாம் என்பது அவர் கண்டது. சாப்பிட்டு முடித்துவிட்டு விளையாடப் போ என்று பாட்டிகள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. தோண்டுவதும் மோப்பம் பிடிப்பதும் நாயைக் கெடுக்கும் கவர்ச்சிகள் என்று நினைத்துக்கொண்டு அவற்றோடு மல்லுக்கட்டுகிறோம். வந்துவிட்டுப் போனால் அவை எல்லாம் கிடைக்கும் என்று ஆகிவிட்டால், அந்தப் பள்ளமே நம் பக்கம் சேர்ந்து வேலை செய்கிறது.

அதற்கப்புறம் எங்கள் வழக்கம் மாறிவிட்டது. மைதானத்தில் கூப்பிடுவதில் பெரும்பங்கு ஒன்றுக்கும் இல்லை. வருவாள், பட்டையைத் தொடுவேன், ஒரு துண்டு, “போ”. வீட்டுக்குக் கிளம்பும் முறை எது என்று அவளுக்குத் தெரியாது. கிளம்பும்போதும் கயிற்றை மாட்டிய கையோடு வாசலை நோக்கி நடக்காமல் இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவோம். குளிப்பாட்ட, உண்ணி எடுக்க, நகம் வெட்டக் கூப்பிடுவதே இல்லை. நானே எழுந்து போய்த் தூக்கிக்கொள்கிறேன். அந்தச் சத்தத்தில் அழுக்குப் பட விடக்கூடாது. தீனியை எப்போது நிறுத்துவது என்று கேட்கிறார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைவிட்டுக் கிடைக்கும் பலன் பழக்கத்தை எளிதில் அழியவிடாது என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப சீக்கிரம் கையை இறுக்குபவர்கள் அதிகம். நான் இறுக்கவில்லை. ஒரு நாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது, ஒரு துண்டு கோழிக்கா கணக்குப் பார்ப்பது?

இனிப் பெரியவரின் நாய்க்கு வருகிறேன். பயம் வரவழைக்கும், அவர் சொன்னது சரிதான். ஆனால் பயந்த நாய்க்கு முன்னால் எப்போதும் இரண்டு வழி இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்வது ஒன்று, எட்டாத தூரத்தில் நிற்பது இன்னொன்று. முதல் வழிதான் குறைந்த தண்டனை என்று அந்த நாய் நம்பும் வரை அது வரும். இரண்டாவது வழியை ஒருநாள் அது கண்டுபிடித்தால், அதுவும் வாசல் கதவு திறந்து கிடக்கும் ஒருநாளில் கண்டுபிடித்தால், அதட்டலை இன்னும் உரக்கப் போடுவதைத் தவிர அவர் கையில் ஒன்றும் இருக்காது. அதட்டல் உரக்க உரக்க இரண்டாவது வழிதான் நல்ல வழியாகத் தெரியும். ஓடிப்போன நாய் கடைசியில் திரும்பி வந்ததும் அடி வைக்கிறார்களே, அது இன்னும் மோசம். ஓடியதற்கு அடி என்று நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரிவது, வந்தேன், அடி விழுந்தது.

கயிறு

கயிற்று நடையைத் தனிப் பாடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அதுவும் இதேதான். ஒவ்வொரு எட்டிலும் ஒரு சின்ன ‘வா’ ஒளிந்திருக்கிறது. இழுத்தால் என்ன நடக்கிறது, இழுக்காவிட்டால் என்ன நடக்கிறது என்பதை நாய் எட்டுக்கு எட்டு எழுதி வைத்துக்கொள்கிறது. இழுத்து ஒரு மரத்தடியைப் போய்ச் சேர்ந்தால், இழுத்ததற்குக் கூலி கொடுத்தாயிற்று. அப்புறம் நாம் என்ன கத்தினாலும் அது பின்னணி இசைதான். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறுகளைக் குட்டிக்கு வாங்கித்தருவது இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தக் கருவிக்குள் இருக்கும் சுருள்வில் எப்போதும் கொஞ்சம் இழுவையிலேயே இருக்கிறது, இழுத்தால் இன்னும் கொஞ்சம் உலகம் கிடைக்கும் என்று நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறது.

முதலில் வீட்டுக்குள் எடையில்லாத ஒரு கயிற்றை மாட்டி, கண் பார்வையிலேயே இழுத்துக்கொண்டு திரிய விட்டோம். முதல் பத்து நிமிஷம் அதைக் கடித்தாள், அப்புறம் மறந்தாள். கழுத்துப்பட்டை பெயர் வில்லைக்கு மட்டும், கயிறு மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில். 2006-இல் கால்நடைக் கண் மருத்துவர்கள் நாய்களை இழுக்க வைத்து அளந்தபோது, கழுத்துப்பட்டையில் இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது, ஹார்னஸில் இழுத்தால் அப்படி ஏறவில்லை. வளரும் குட்டியின் மூச்சுக்குழலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹார்னஸ் போட்டால் நாய் இழுக்கக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். எதைப் போட்டாலும், இழுத்துப் போக விட்டால் கற்றுக்கொள்ளும்.

வெளியில் விதி ஒன்றே ஒன்று. கயிறு விறைத்தால் என் கால் நின்றுவிடும், தொய்ந்தால் நடக்கும். கேட்க எளிது. செய்து பார்த்தால் வாசலிலிருந்து எதிர் வீட்டுக்குப் போவதற்குள் பால்காரர் இரண்டு தெரு முடித்துவிடுவார். நின்றதும் மிளகு முதலில் இன்னும் பலமாக இழுப்பாள். இதுவரை பலித்த ஒன்று திடீரென்று பலிக்காவிட்டால் எந்தப் பிராணியும் அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்க்கும். அந்தக் கட்டத்தில் ஓர் எட்டு விட்டுக்கொடுத்தால் பலமாக இழுப்பதற்குப் பட்டயம் கொடுத்த மாதிரி. காத்திருந்தால் ஒரு கணத்தில் திரும்பிப் பார்ப்பாள். என்ன ஆச்சு உனக்கு என்று. காதின் நுனி திரும்பும், கயிற்றில் ஒரு தொய்வு விழும். அந்த நொடியிலேயே “சரி” என்று நடந்துவிட வேண்டும். துண்டை என் கால் சட்டையின் ஓரத்தில், அவள் வாய் உயரத்தில் கொடுப்பேன். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால் நடக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

நாயின் இயல்பான ஓட்டநடைக்கு நம் நடை ரொம்ப மெதுவு என்பதையும் மறக்கக் கூடாது. நம்மோடு சேர்ந்து நடப்பதே அதற்குப் பெரிய அடக்கம். காலோடு ஒட்டி, தலையை நிமிர்த்தி, போலீஸ் நாய் போல நடக்க வேண்டும் என்று ஆறு மாதக் குட்டியிடம் எதிர்பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நாயின் நடை மூக்கால் நடக்கிறது. தொய்ந்த கயிற்றில் கொஞ்ச தூரம் வந்ததும் நானே “போ, மோந்துக்கோ” என்று கம்பத்தடிக்குக் கூட்டிப்போகிறேன். பெண் பள்ளத்துக்கு அனுப்பிய அதே உத்திதான். குட்டி நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் இழுக்காதீர்கள். இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, அது எதைப் பார்த்து மிரண்டது என்று பார்த்தால், பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஒருநாள் ஒரு கறுப்புக் குப்பைப் பை. இன்னொரு நாள் ஹெல்மெட் போட்ட ஆள்.

இப்போது மிளகுவுக்கு எட்டு மாதம் நெருங்குகிறது. கற்றதெல்லாம் காணாமல்போகும் பருவம். 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில், உட்காரச் சொன்னால், ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக்கூட எட்டு மாத நாய்கள் தங்களை வளர்ப்பவர் பேச்சைக் கேட்கவில்லை, அந்நியர் பேச்சுக்கு அப்படி முரண்டு பிடிக்கவில்லை என்று கண்டார்கள். ஒரு வயதை ஒட்டி அது சரியாகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் தபால்காரர் சொன்னால் உட்காருகிறாள். அதனால் நீளக் கயிறு மறுபடி பைக்குள் ஏறியிருக்கிறது. கூப்பிட்டால் நாய்களை விட்டுவிட்டு வருகிறாள், பள்ளத்தை விட்டுவிட்டு வருகிறாள், ஒருமுறை எங்கிருந்தோ கிடைத்த எலும்பையும் விட்டுவிட்டு வந்தாள். பூனை விஷயத்தில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.